அடுப்படியில் தலைகீழாய்த் தொங்கியவள்

வேன் சாவியைக் கையில் எடுக்காமல் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று சபதம் போட்டேன். காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் போட்டேன். ஆனாலும் சபதம் சபதம்தானே.

வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேன். தலை நரைக்கிற வரை நான்தான் ஓட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டுக்குள் விட வேண்டிய வண்டியைப் பக்கத்துச் சுவரில் விட்டுவிட்டேன். அன்றைக்கே வீட்டுக்காரி சாவியைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள்.

“கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணிக்கோங்க, சாவி தர்றேன்.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. சுவருதான் குறுக்க வந்துச்சு.”

“ஆமா, அதுக்குக் கால் முளைச்சிருந்துச்சு!”

சவரத்துக்கு மட்டும் குழிந்த கண்ணாடி ஒன்று வாங்கிக் கூடத்தில் மாட்டியிருந்தேன். கிட்டப் போனால் தாடி மயிர் ஒவ்வொன்றும் விளக்குமாற்றுக் குச்சி. கட்டிலில் சாய்ந்து தூர இருந்து பார்த்தால், அடுப்படியில் என் பெண்டாட்டி வௌவால் மாதிரி தலைகீழாய்த் தொங்கிக் காய் நறுக்கினாள். கல்யாணமான நாள் முதல் என்னைத் தலைகீழாய் நிறுத்தியவள். பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

அப்போது முந்தானையை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள். கண்ணாடியில் தெரிந்தபடி மேல் தட்டு, வலது கடைசி டப்பாவில் போட்டாள்.

நான் என்ன ஏமாளியா? தலைகீழாய்த் தெரிகிறது என்றால் மேலே என்பது கீழே. அவள் கடைக்குக் கிளம்பியதும் கீழ்த் தட்டின் வலது கடைசி டப்பாவில் கையை விட்டுத் துழாவினேன். மிளகாய்த்தூள். அதே கையால் கண்ணைத் துடைத்தேன்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அறிவியல் வாத்தியார்.

“என்ன, அழுறீங்க?”

“அத விடுங்க சார். குழிஞ்ச கண்ணாடியில மேல கீழ மாறுதே, வேற என்ன மாறும்?”

“குழி ஆடியா? தூரத்துல இருக்கிறது தலைகீழாத் தெரியும். இடம் வலமும் சேந்து மாறும். ஆளையே முழுசாக் கவுத்துடும்.”

“அதுக்குத்தான் பொண்டாட்டி இருக்காளே சார்!”

அதே தட்டின் இடது கடைசி டப்பாவுக்குப் பாய்ந்தேன். உப்பு. உப்புக்குள் சாவி! நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் பிடித்தபடி அவள்.

“அப்ப இது என்ன சாவிடி?”

“பழைய பெட்டியோடது. பெட்டியத் தூக்கிப் போட்டே ரொம்ப நாளாச்சு.”

“நான் பாக்குறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அதே கண்ணாடியில நானும் உங்களப் பாத்தேங்க. தலைகீழாத் தொங்கிக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தீங்க.”

“உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே!”

“கடைக்குப் போறேன், கடைக்குப் போறேன்னு டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் போனேன். லைசென்ஸ் வந்தாச்சு. எத்தனை நாளைக்கு வாடிக்கைக்காரங்க தாகத்தோட காத்திருப்பாங்க?”

நான் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன சீட் அது. என் இடுப்பின் அச்சு. அந்தக் குழியில் ஒரு தலையணையைத் திணித்து, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மிளகாய்க் காரம் போன பிறகும் கண் எரிந்தது.

“அப்ப நான் என்ன பண்றது?”

கியரைப் போட்டாள்.

“கேன் தூக்கக் கண்ணு எதுக்கு? பின்னாடி ஏறுங்க.”

ஏறினேன்.