ழகரம் தின்னாத மீன்

ஒரு சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, உலகத்தைக் காப்பாற்றிவிடுவது என்று பிளாப்பிக்காரர் முடிவெடுத்தார். முழு உலகம் அவருக்குக் கொஞ்சம் பெரிது. படுக்கையறை அலமாரியின் மேல் மூன்று தட்டுகளில் இருந்த அளவுக்குக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தார்.

அந்த மூன்று தட்டுகளிலும் நூற்று நாற்பது பழைய பிளாப்பி டிஸ்குகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு மென்பொருள். தெருவில் அவருக்குப் பிளாப்பிக்காரர் என்று பெயர் வந்ததே இதனால்தான். மற்றபடி, ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களும் பிரிண்டர்களும் பழுதானால் சரிசெய்வது அவர் வேலை. கீழ் இரண்டு தட்டுகளில் அவர் மனைவியின் துணிகள் மூச்சுமுட்டிக் கிடந்தன.

பிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் நகலெடுத்து, பழைய மென்பொருள்களைச் சேர்த்துவைக்கும் ஓர் இணையக் காப்பகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அன்றைக்கே உட்கார்ந்துவிட்டார். மனைவி அடுப்படியிலிருந்து என்ன பண்றீங்க என்று கேட்டபோது, "காப்பி போடறேன்" என்றார். எனக்கும் ஒரு கப் என்று பதில் வந்தது. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு அந்த அம்மாளே எழுந்து வந்தார். அவர் போட்டுக்கொண்டிருந்தது எந்தக் காப்பி என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மாள் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். இருபத்தெட்டு வருடமாகப் பிறர் எழுத்தில் ஒற்றுப்புள்ளிகளையும் துணைக்கால்களையும் எடுத்தும் போட்டும் வருகிறவர். எழுதியவரைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தமாட்டார். அவர் கேட்ட முதல் கேள்வியே, இதையெல்லாம் எழுதினவங்களைக் கேட்டீங்களா என்பதுதான்.

பிளாப்பிக்காரர் விளக்கினார். கம்பெனிகள் மூடிப்போய் வருடக்கணக்காகிறது. யாரும் விற்கவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இதற்குப் பெயர் திருட்டு இல்லை, பாதுகாப்பு.

"நாமளும்தான் இந்த வீட்டை விக்கல. அதுக்காக யாராவது வந்து குடியேறலாமா?"

"வீடுன்னா ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் வெளிய போகணும். இது நகல். மூலம் இருக்கற இடத்துலயே இருக்கும். இப்ப எடுக்கலைன்னா அதுவும் இருக்காது."

அம்மாள் பூஞ்சை படர்ந்த ஒரு பிளாப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அழியாமல் இருக்க ஒரு நகல் எடுத்து வைப்பது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எடுத்து வைப்பது வேறு, தெருவுக்குக் கொண்டுபோய் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கோ என்பது வேறு என்றார். அந்த வித்தியாசம் பிளாப்பிக்காரருக்கும் உள்ளூர உறைத்தது. உறைத்ததை ஒத்துக்கொண்டால் கணவனாக இருந்து என்ன பயன்?

அதனால் ஒரு தந்திரம் செய்தார். ஏதாவது ஒன்றை எடுத்துக்கோ, ஒரு மாதத்துக்குள் அதற்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடி, அவர் சொல்கிறபடி கேட்கிறேன், கண்டுபிடிக்காவிட்டால் இந்த வீட்டில் திருட்டு என்ற சொல்லே வரக்கூடாது என்றார். முன்பே ஆறு மாதம் இணையத்தைச் சலித்தும் ஒரு சொந்தக்காரரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போன தைரியம் அவருக்கு.

அம்மாள் எடுத்தது 'எழுத்து மீன்' என்ற ஒன்றை. முப்பது வருடத்துக்கு முன் குழந்தைகளுக்கு எழுத்து கற்றுத்தர வந்தது. திரையில் எழுத்து விடுபட்ட ஒரு சொல் வரும். சரியான எழுத்தைத் தட்டினால் மீன் அதை விழுங்கித் துள்ளும். 'ப_ம்' என்று வந்தது. அம்மாள் ழ தட்டினார். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ள தட்டினார். மீன் ஆனந்தமாகத் துள்ளிக் குதித்தது. பளம்.

அந்த அம்மாளுக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. சொந்தக்காரரைத் தேடுவது பந்தயமாக இருந்தது போய்க் கடமையாகிவிட்டது. மென்பொருளை மூடும்போது கடைசித் திரையில், பிழை கண்டால் எழுதவும் என்று ஒரு முகவரி வந்தது. பிளாப்பிக்காரர் அதை நூறு தடவை பார்த்திருக்கிறார். முப்பது வருடத்து முகவரியில் யார் இருப்பார்கள் என்று அவர் சிரித்தபோது, அம்மாள் உறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அடுத்த ஞாயிறு காலை ஆளே வந்துவிட்டார். 'எழுத்து மீன்' எழுதிய ஒல்லியான மனிதர். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம். முகவரியில் இருந்த வீடு மட்டும் அதே வீடு.

பழைய கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். மீன் நீந்தி வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கம்பெனி மூடிய அன்று எல்லா இயந்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவரிடம் ஒரு நகல்கூட இல்லை.

இதை எல்லோரும் பார்க்க வைக்கலாமா என்று அம்மாள் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, எழுதினவன் என்ற முறையில் எனக்குச் சந்தோஷம்தான் என்றார். ஆனால் சட்டப்படி அது அவருடையதில்லை. கம்பெனியை ஒருவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, இப்போது வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு மீன் இருப்பதே தெரியாது.

பிளாப்பிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உரிமை உள்ளவருக்கு அக்கறை இல்லை, அக்கறை உள்ளவருக்கு உரிமை இல்லை, நடுவில் காப்பாற்றியது யார் என்று மனைவியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கடைக்காரர், மூலப் பிளாப்பியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பச்சை லேபிள் ஒட்டியிருக்குமே.

பிளாப்பியில் பச்சை லேபிள் இல்லை. வெள்ளைத் தாளில் பால்பாயின்ட் பேனாவால் 'எ. மீன்' என்று எழுதி ஒட்டியிருந்தது. கையெழுத்தை அம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

பிளாப்பிக்காரர் உண்மையைச் சொன்னார். முன்பு ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நகலெடுத்தது. சொல்லும்போது குரல் அவருக்கே கேட்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் கோபப்படவில்லை. "காசு கொடுத்து வாங்கினவங்க இருபது பேருக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க. இப்படி எடுத்தவங்களாலதான் கம்பெனி மூடிச்சுன்னு எங்க முதலாளி சொல்வார். அது நெஜமான்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு உங்களாலதான் இதைப் பார்க்கறேன். அது மட்டும் தெரியும்."

திரையில் மீன் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணாடிக்கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அந்த ழவை மட்டும் இப்போது சரிசெய்துவிடலாமா. அன்றைக்கு முதலாளி அவசரப்படுத்தியதில் ழவுக்கும் ளவுக்கும் கொடுத்த இரண்டு எண்கள் இடம் மாறிப் போயினவாம். எத்தனை குழந்தைகள் பளம் என்று எழுதினவோ என்று இன்றும் மனசு அரிக்கிறதாம். பிளாப்பிக்காரர் பதறிப்போனார். உள்ளது உள்ளபடி வைத்தால்தான் பாதுகாப்பு, திருத்தினால் அது வேறு பொருள் என்றார். இதில் மனைவி தன் பக்கம் நின்றது அவருக்கே ஆச்சரியம். அச்சான புத்தகத்தைச் சுரண்ட முடியாது, பிழைதிருத்தம் என்று கடைசியில் ஒரு தாள் சேர்க்கலாம் என்றார் அம்மாள். கண்ணாடிக்கடைக்காரர் அந்தத் தாளை அங்கேயே உட்கார்ந்து தன் கையால் எழுதினார். போகும்போது தன் மீனின் நகல் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போதைய உரிமையாளர்களுக்கும் அம்மாள் ஒரு கடிதம் போட்டார். ஆறு வாரம் காத்திருந்தும் பதில் இல்லை. யாராவது உரிமை கேட்டு வந்தால் அன்றே எடுத்துவிடுவோம் என்ற குறிப்போடு ஏற்றலாம் என்று கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செய்வது முழுக்கச் சரிதானா என்று இருவருக்குமே இன்னும் தெரியாது. பிளாப்பிக்காரர் முன்போல அதைச் சத்தமாகப் பேசுவதில்லை.

காப்பகத்தின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த நகல் எப்படிக் கிடைத்தது? 'பயிற்சி நிலையத்திலிருந்து பெறப்பட்டது' என்று அவர் தட்டினார். பின்னால் நின்ற அம்மாள், ஒரே ஒரு சொல்லில் பிழை இருக்கிறது என்றார். 'எடுக்கப்பட்டது' என்று மாற்றினார். இல்லை. 'கொண்டுவரப்பட்டது'. இல்லை. அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எழுதியவர் என்ற இடத்தில் கண்ணாடிக்கடைக்காரர் பெயர் இருக்கிறது. பிழை கண்டவர் என்ற இடத்தில் அம்மாள் பெயர். திருடியவர் என்ற இடத்தில் பிளாப்பிக்காரரின் பெயர், இனிஷியலோடு, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.