உள்ளே மருந்து பூசிய தீப்பெட்டி

கூச்சப்படுகிற ஆளை எந்தக் காரியத்துக்கும் நம்பலாம். ஆனால் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கக்கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சரியாகச் சொன்னால், என் பக்கத்தில் நின்றவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் கூச்சம் எப்படிப்பட்டது என்றால், மினி பஸ்ஸில் என் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால், "இறங்கணும்" என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு அடுத்த ஊர் வரை போய் நடந்து திரும்புவேன். (இதற்காகவே அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்த நாட்களும் உண்டு.) பத்தாவது முடித்துவிட்டு கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) சேர்ந்தவன், இருபத்து நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறேன். மிஷினோடு வேலை. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் என் மகள் செல்வி ஒன்பதாம் வகுப்பு படித்தாள். பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, ஓவியத்தின் அடிப்படைகள். முதலில் வருகிற படைப்பு தூத்துக்குடிக்கு, மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அந்த மேடைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டவள் செல்வி. மூன்று வருடமும் யாராவது முந்திக்கொண்டார்கள். அடுத்த வருடம் பொதுத்தேர்வு, எதற்கும் வெளியே விடமாட்டார்கள். ஆகவே அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஓவிய நோட்டைச் சும்மா புரட்டினேன். வினை அங்கே உட்கார்ந்திருந்தது. கோடு, வடிவம், பருமன், இடைவெளி, வண்ணம், ஒளிநிழல், தொடுதன்மை. எந்தப் படத்தை எடுத்தாலும் இந்த ஏழில்தான் அடங்கும் என்று எழுதியிருந்தாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய உலகத்துக்கு ஏழே ஏழு சாமான்களா? எங்கள் தீப்பெட்டிக்கே அதற்கு மேல் ஆகுமே!

மறுநாள் வேலைக்குப் போகும்போது பார்த்தால் ஊரே வேறாக இருந்தது. கரிசல் காட்டில் விழுந்திருந்த வெடிப்பெல்லாம் கோடு. நான்கு வெடிப்புக்கு நடுவே கிடந்த மண் வடிவம். தூரத்தில் கழுகுமலைப் பாறை பருமன். (முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்த பாறைதான். அதற்கு ஒரு பின்பக்கம் உண்டென்று அன்றைக்குத்தான் தோன்றியது.) ரோட்டில் போன மந்தையில் வெள்ளை ஆடும் கறுப்பு ஆடும் கலந்து போனது ஒளிநிழல். தாங்க முடியாமல் ஒரு கிடாயின் முதுகைத் தடவி, "தொடுதன்மை" என்று சொல்லியே விட்டேன். மேய்க்கிறவர் நான் கிடா வாங்க வந்ததாக நினைத்து விலை சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அரை மைல் தூரம் பேரம் பேசிக்கொண்டே போனேன்.

செல்வி தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஒரே வேப்பமரத்தை ஏழு தாளில் வரைவது, ஒவ்வொன்றிலும் ஓர் அடிப்படையைக் காட்டுவது. நல்ல திட்டம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

"வேப்பமரம் எல்லாரும் போடுவாவ. நாம தீப்பெட்டி செய்வோம்" என்றேன்.

"அப்பா, இது என் புராஜெக்ட்டு."

"ஒன் புராஜெக்ட்டுதான். நான் சும்மா ஒட்டித் தாரேன்."

சும்மா ஒட்டியது இதுதான். சூட்கேஸ் அளவில் ஒரு அட்டைத் தீப்பெட்டி. உள்தட்டை இழுத்தால் கோடு, வடிவம் எல்லாம் வரிசையாக வெளியே வரும். ஒளிநிழலுக்குக் கரிசல் மண்ணைத் தண்ணீர் கூட்டிக் குறைத்துக் குழைத்து ஐந்து நிறமாகப் பூசினேன். (காலையில் காய்ந்ததும் ஐந்தும் ஒரே நிறமாகிவிட்டன. ஐந்து தடவை பூசிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று முடிவு செய்தேன்.) கோட்டுக்குத் தீக்குச்சிகளை வட்டமாக ஒட்டி ஒரு சூரியன். செல்வி மருந்து முக்காத வெறுங்குச்சி போதும் என்றாள். சிவப்புத் தலை இல்லாவிட்டால் வண்ணம் எப்படி வரும் என்று அவளை அடக்கினேன். கதிர்கள் பொலிவாகத் தெரியட்டும் என்று எல்லாத் தலைகளையும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன்.

கடைசியாகத் தொடுதன்மை. இங்கேதான் என் மூளை உச்சத்துக்குப் போனது. பார்க்காமல் தொட்டுப் பார்த்தால்தானே தொடுதன்மை? ஆகவே மேல்கூட்டின் உள்பக்கத்தில், கூரையில் ஒட்டினேன். பார்க்க வருகிறவர் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். வழுவழுப்புக்குப் பட்டுத்துணி. சொரசொரப்புக்கு, ஆபீஸில் கேட்டு வாங்கிவந்த கழிவு அட்டை. தீப்பெட்டியின் ஓரத்தில் உரசுவதற்கு மருந்து பூசுவோமே, அந்த அட்டை.

ஆபீஸில் குச்சி முக்குகிற இடமும் பெட்டிக்கு மருந்து பூசுகிற இடமும் தனித்தனிக் கட்டிடம். ஏன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாரம் முழுவதும் என் கண்ணுக்கு மருந்து மருந்தாகத் தெரியவில்லை. ஒன்று வண்ணமாகத் தெரிந்தது, இன்னொன்று தொடுதன்மையாகத் தெரிந்தது.

என் மனைவி பேச்சியம்மாள் மட்டும் எட்டிப் பார்த்து, "ஏங்க, இது தீப் பத்தாதா?" என்று கேட்டாள்.

"பெட்டிக்கு வெளிய உரசினாத்தான் பத்தும். உள்ள இருக்கது எப்படிப் பத்தும்?" என்றேன். பதினெட்டு வருட அனுபவம் பேசுகிறது என்று நம்பி அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உண்மையில் தலைகளுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. வீட்டில் இழுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. கண்காட்சியன்று பஸ்ஸில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா, "இதைக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று பருத்திக்கொட்டை மூட்டையை அதன் மேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம். சொல்லவில்லை. கோவில்பட்டி வரை என் மடியில் அந்த ஒரு விரல் இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

பள்ளி ஹாலில் வரிசையாக மேசைகள். நடுவர் வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எங்கள் மேசைக்கு வந்து, "யாரும்மா விளக்கப் போறது?" என்று கேட்டார். செல்வி வாயைத் திறந்தாள்.

"நான் காட்டுதேன் சார்!"

சொன்னது நான்தான். கூட்டத்தில் நான் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் அது. சொன்ன கையோடு தட்டை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

சர்ரென்று ஒரு சத்தம். கோவில்பட்டியில் அந்தச் சத்தம் தெரியாதவர் கிடையாது. ஆயாம்மா முதல் தலைமையாசிரியர் வரை எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். என் சூரியன் உதித்துவிட்டது. ஒரு கதிர் மிச்சமில்லாமல் எரிந்தது. உலகத்தில் எல்லாத் தீப்பெட்டிக்கும் உரசுகிற மருந்து வெளியே இருக்கும். அதை உள்ளே பூசிய ஒரே ஆள் நான்.

பக்கத்து மேசைக்குக் கீழே தூரிகை கழுவிய தண்ணீர் ஒரு வாளி நிறைய இருந்தது. தூக்கி வீசினேன். பாதி தீயில் விழுந்தது. மீதி நடுவர் மேல் விழுந்தது.

தீ அணைந்ததும் ஓவிய டீச்சர் என் பக்கத்தில் வந்து, "நீங்க எங்க வேலை பாக்கிய?" என்று கேட்டார்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல."

சொல்லிவிட்டு நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நடுவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அடுத்த மேசைக்கு நகர்ந்தார். செல்வியின் கண் நிறைந்திருந்தது. நான்கு வருட ஆசையைப் பத்து நொடியில் கொளுத்திவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், ஒரு நிமிசம். நான் இன்னும் சொல்லவே இல்ல."

செல்வியின் குரல். நடுவர் திரும்பினார். அவள் அந்தக் கருகிய அட்டையைத் தூக்கி நிறுத்தினாள்.

"தீ ஓடின வழி இருக்குல்லா சார், இது கோடு. இந்த ஓட்டை வடிவம். அட்டை சுருண்டு எந்திரிச்சு நிக்குது பாருங்க, இது பருமன். ஓரத்துல மஞ்சள், பொறவு பழுப்பு, நடுவுல கறுப்பு. இது ஒளிநிழல். இங்கன தொட்டா பொடியும், அங்கன தொட்டா வழுக்கும், அது தொடுதன்மை." அட்டையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ஓட்டை வழியா பாருங்க. தூணுக்குப் பின்னால எங்க அப்பா நிக்காரு. நமக்கும் அவருக்கும் நடுவுல இருக்கது இடைவெளி."

நடுவர் குனிந்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

"ஆறுதான் ஆச்சு. வண்ணம் எங்கம்மா?" என்றார்.

செல்வி அவர் சட்டையைப் பார்த்தாள். "அது உங்க மேல இருக்கு சார்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் ஹாலே சிரித்தது. ஏழையும் மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எதிரே கிடப்பதில் கண்டுபிடித்துச் சொன்னவள் இந்தப் பெண் ஒருத்திதான் என்று சொல்லி அவளையே தேர்ந்தெடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. தூத்துக்குடிக்கு இந்தப் பெட்டி வரக்கூடாது.

அந்த வாரமே ஏழு வேப்பமரத்தையும் அவள் தனியாக உட்கார்ந்து வரைந்தாள். நான் பென்சில் கூடச் சீவித் தரவில்லை. (கேட்டேன். அவள் பென்சிலைக் கொடுக்கவில்லை.) மாவட்டத்துக்கு அனுப்பும் படிவத்தைக் கையெழுத்துக்காக என் முன்னால் வைத்தாள். அதில் ஒரு கேள்வி: "படைப்பில் பெற்றோரின் உதவி உண்டா? உண்டெனில் விவரம்." அதற்கு நேராக அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "உண்டு. அணைத்துவிட்டோம்."

கையெழுத்துப் போட்டேன்.

தூத்துக்குடியில் அவளுக்கு இரண்டாவது பரிசு கிடைத்தது. இப்போது வெளியூரில் தங்கி வடிவமைப்புப் படிக்கிறாள். கல்லூரியில் என்ன வேலை கொடுத்தாலும் போனில் சொல்வாள். கேட்கக் கேட்க எனக்கு இருப்புக்கொள்ளாது. "செல்வி, அதுக்கு எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு" என்பேன்.

அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு கேள்வி வரும்.

"அப்பா, பக்கத்துல அம்மா இருக்காளா?"

"இருக்கா."

"வாளில தண்ணி இருக்கான்னு கேளுங்க. பொறவு சொல்லுங்க."