ஃபுல்லா காலி

"பரிணாமமாவது பருப்பாவது! ஒரு ஜந்துவும்—"

"பின்னே இது என்னவாம்? விஷச் சாக்பீஸ் கோட்டை நக்கிண்டு—"

"—மாறவே மாறாது! பிரம்மா போட்டது போட்டபடிதான்!"

"—என்னையே பாக்கறதுன்னா!"

செம்பூர் ஃபிளாட்டின் சமையல் மேடைமேல் ஒரு கரப்பான். விளக்கைப் போட்டால் ஓடுகிற ஜாதி அல்ல. வெங்கடேஸ்வரன் பேசினால் அவர் பக்கம் திரும்பியது; அம்மிணி பேசினால் அவள் பக்கம்.

சாயந்திரம் முலுண்டிலிருந்து மகள் சாதனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள் கேசரியில் கரப்பான் மீசையைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தான். அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. பெண் இப்போது பார்லரில் இருந்தாள், நம்பிக்கையோடு.

"சர்க்கரையில விஷத்தைக் கலந்து வெச்சேள். சர்க்கரை திங்கறதையே விட்டுடுத்து."

"டயபடீஸ் ஆக்கும்."

"குஞ்சுகளும்னா தொடமாட்டேங்கறது?"

"பரம்பரை டயபடீஸ்."

"பசை வெச்சேள். அதுமேல குடித்தனம் நடத்தறது!"

வெங்கடேஸ்வரன் ரோஷத்தோடு பரண்மேல் கை வைத்தார். தாராவியில் பூச்சி மருந்து அடிக்கும் சைஃப், 'குடோனுக்கு அடிக்கிற சரக்கு அங்கிள், நான் வந்து அடிக்கிறேன்' என்று வைத்துப்போன தகர டப்பா. அவனுக்குப் போன் போட்டார். லோக்கல் ரயில் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான்.

"மொதல்ல ஃபுல்லா காலி பண்ணிருங்க அங்கிள்! ஜன்னல் எல்லாம் சாத்திரணும்! அப்பொறந்தான்—"

லைன் அறுந்தது.

சொன்னபடியே செய்தார். மருந்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் டப்பா காலி. அம்மிணி ஜன்னல்களைச் சாத்தினாள். வீடு முழுக்க வெண்புகை. இருவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அவர் பேப்பர் பார்த்தார், அவள் பீன்ஸ் நறுக்கினாள். சுவருக்குள் ஏதோ பிறாண்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு பட்டென்று நின்றது.

புகை அடங்கியபின் போய்ப் பார்த்தார்கள். தரை தெரியாமல் கரப்பான்கள், மல்லாந்து. அத்தனை தலைகளும் ஹால் பக்கமே திரும்பியிருந்தன.

"பாத்தியோ? ஒண்ணாவது மாறித்தா?"

"ஒத்துண்டேன். நீங்க சொன்னதுதான் நிஜம்," என்றாள் அம்மிணி, கல்யாணமாகி முதல் தடவையாக. துடைப்பத்தை எடுத்தவள் மூச்சை ஆழ இழுத்தாள். "என்னமோ, இந்த மருந்து வாசனை நெஞ்சுக்கு இதமாத்தான் இருக்கு."

"எனக்குப் பசிக்கறது."

மணி அடித்தது. வாசலில் சைஃப், மூக்கு வாயை மூடிய பெரிய முகமூடியோடு. அவர் கையில் டப்பாவைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"அங்கிள், வீட்டையில்லா காலி பண்ணச் சொன்னேன்!"

"நாங்க டப்பாவைன்னா காலி பண்ணினோம்."

"உள்ளயேவா இருந்தீங்க? ஜன்னலச் சாத்திக்கிட்டா?"

"ஆமாண்டா. பீன்ஸ் நறுக்கிண்டு," என்றாள் அம்மிணி.

சைஃப் மெல்ல மாடிப்படியில் இறங்கிக்கொண்டே சொன்னான்:

"ஆன்ட்டி, அந்த மருந்துல மொதல்ல விழுறது மனுசன். கரப்பான்லாம் அதுக்குப் பொறவுதான்."