கண்காணிப்பாளர் விரைவில் இணைவார்

“சுவத்துல எழுத்து எதுவும் இருக்கக் கூடாதாம்,” என்றாள் மனைவி.

எல்லாரும் ரீஸ்டார்ட் என்று கூப்பிடும் அவள் கணவர் அப்போதுதான் புத்தக அலமாரியை முக்கி முனகி அறைக்கு வெளியே தள்ளியிருந்தார். அலமாரிக்குப் பின்னால் பல வருடங்களாக யாரும் பார்க்காத சுவர் பளிச்சென்று தெரிந்தது. அதில் பிளம்பர் நம்பர், கேஸ் நம்பர், யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாத இன்னொரு நம்பர். அவற்றுக்குக் கீழே, வெளியூரில் படிக்கும் மகள் சின்ன வயதில் எவ்வளவு வளர்ந்தாள் என்று போட்டு வைத்த பென்சில் கோடுகள்.

“அலமாரி இங்கேயே இருந்திருந்தா இதெல்லாம் மறைஞ்சிருக்கும்,” என்றார்.

“கை எட்டுற தூரத்துல புத்தகம் இருக்கக் கூடாதே.”

“அதை முதல்லயே சேர்த்துச் சொல்லக் கூடாதா?”

“அது ஆறாவது விதி. இது ஏழாவது. நான் வரிசையாத்தானே படிப்பேன்.”

மொத்தம் இருபத்துமூன்று விதிகள். மணி எட்டரை. பதினோரு மணிக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாக இவரையும் இவருடைய அறையையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ரீஸ்டார்ட் ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டுவிட்டார். அலமாரி தள்ளிய வேகத்தில் அந்த இஸ்திரி இப்போது போன இடம் தெரியவில்லை. இருந்தாலும் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

காரணம் இருந்தது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருடங்களாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். யார் என்ன குறை சொன்னாலும் முதல் மருந்தாக “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். அதனாலேயே பெயரும் நிலைத்துவிட்டது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்து இழுத்தே அவருக்கு வயது நாற்பத்து நான்கு ஆகியிருந்தது. இப்போது அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவு என்று ஒன்று புதிதாக வருகிறது. அதற்குத் தலைவர் நாற்காலியும் வருகிறது. திங்கட்கிழமை காலைக்குள் யார் இந்தச் சான்றிதழைக் கொண்டு வருகிறாரோ அவருக்கு நாற்காலி. இன்று சனிக்கிழமை.

ஏற்கெனவே ஒரு தடவை, விதிகளில் இவ்வளவு கெடுபிடி இல்லாத நாளில், எழுதப் போய், ஒன்பதாவது கேள்வியில் பரீட்சை ரத்தாகிவிட்டது. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்து, கேமராவுக்கு நேராகக் குனிந்து, “இது யாருடா?” என்று கேட்டதுதான் காரணம். இன்னொரு தடவை அப்படி ஆனால் நாற்காலி எதிர் மேசைக்காரனுக்குப் போய்விடும். அவன் சேர்ந்தே மூன்று வருடம்தான் ஆகிறது.

“அழிச்சுடலாமா?” என்று ரப்பரை எடுத்தார்.

“என் பொண்ணோட கோட்டுல கையை வைங்க, அப்புறம் தெரியும்,” என்றாள் மனைவி.

ஆகவே சுவரில் பெட்ஷீட் கட்டப்பட்டது. ஒரு சுவரில் மட்டும் கட்டினால் எதையோ ஒளிப்பது போலத் தெரியும் என்று நாலு சுவரிலும் கட்டினார்கள். மின்விசிறிக் காற்றில் பெட்ஷீட் உப்பி உப்பி அடங்கியது.

பள்ளிக்கூட ஆசிரியையான மனைவி பதினைந்து வருடம் பரீட்சை ஹாலில் நடை போட்டவள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

“பின்னாடி ஆள் நின்னு மூச்சு விடுற மாதிரியே இருக்குங்க.”

மின்விசிறி நிறுத்தப்பட்டது. ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டி அவருடைய கண்ணாடி நழுவ ஆரம்பித்தது.

“இப்ப ஒத்திகை பாக்கலாம்,” என்று அவளே கண்காணிப்பாளராக எதிரில் உட்கார்ந்து, கேள்விப் புத்தகத்தைப் பிரித்தாள். அவளுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. “நெட்வொர்க்குல எந்த மாற்றம் செய்யறதுக்கு முன்னாலயும் முதல்ல என்ன செய்யணும்?”

“அதைப் பயன்படுத்துற எல்லாருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லணும்,” என்றார் ரீஸ்டார்ட், கண்ணை மூடிக்கொண்டு. “இது எல்.கே.ஜி. கேள்வி.”

“பதில் சரி. ஆனா கேள்வியைக் கேக்கும்போதே உதடு அசையுது. உதடு அசைஞ்சா யாருக்கோ சொல்றீங்கன்னு அர்த்தமாம். பதினோராவது விதி.”

“உதடு அசையாம எனக்கு யோசனையே வராதே.”

“அப்ப சிரிச்ச மாதிரியே வச்சுக்கங்க. சிரிச்சா உதடு அசையாது.”

அவர் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“திருட்டு முழியாத்தான் இருக்கு. பரவாயில்லை, போகப் போகப் பழகிடும்.”

அந்த நேரத்தில் வாசலில் மாடி வீட்டுப் பெண் வந்து நின்றாள். குடிவந்து நாலு மாதம் ஆகிறது. தனியாக இருக்கிறாள், அதிர்ந்து பேசமாட்டாள்.

“அண்ணா, பதினோரு மணிக்கு எனக்கு வேலை ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள இந்த மேசை நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் முடிஞ்சுடுமா?”

“அதுக்கப்புறம் ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்மா. நான் கேரண்டி,” என்றார் ரீஸ்டார்ட்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் படியேறினாள்.

“அந்தப் பொண்ணு என்ன வேலை பாக்குது?” என்று கேட்டார்.

கூடத்தில் டேப்லெட்டில் முன்பின் தெரியாத யாரோடோ சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் பதில் சொன்னார். “எக்சர்சைஸ் டீச்சர்டா. ஜன்னல் வழியா அப்பப்பக் கேக்கும். ‘கையைத் தூக்கிக் காட்டுங்க, அப்படியே மெதுவாத் திரும்புங்க, நேராப் பாருங்க’ன்னு சொல்லிட்டே இருக்கும். நானும் கூடவே ரெண்டு நாள் செஞ்சு பாத்தேன். தோள் வலி குறைஞ்சுது.”

மணி ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டாவது விதி வந்தது. ஒரு திரைதான் இருக்கலாம். மேசையில் லேப்டாப்பும், அதோடு இணைத்த பெரிய மானிட்டரும் இருந்தன. மானிட்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அனுப்பினார். கழற்றிய பிறகுதான் கீபோர்டு, மவுஸ், நெட் கேபிள் மூன்றும் அந்த மானிட்டரின் முதுகில்தான் செருகியிருந்தன என்பது ஞாபகம் வந்தது.

லேப்டாப்பிலோ இரண்டே துளைகள். அதன் சொந்தக் கீபோர்டில் போன வருடம் டீ கொட்டியதிலிருந்து நாலு எழுத்து வேலை செய்யாது. ஆகவே ஒரு துளை வெளிக் கீபோர்டுக்கு, ஒரு துளை மவுஸுக்கு. நெட் கேபிள் கையில் அநாதையாகத் தொங்கியது.

“வைஃபை இருக்கே,” என்றாள் மனைவி.

வைஃபை இருந்தது. வீட்டுக்காரர் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்த ஒரே இணைப்பு. அதன் பெட்டி இரண்டு சுவர் தாண்டிக் கூடத்து மூலையில் மினுக்கியது. பரீட்சைக்காரர்களின் வேகச் சோதனையை ஓட்டினார். சிவப்புக் கட்டம் வந்தது. ‘இணைய வேகம் போதாது.’

அறைக் கதவைத் திறந்து வைத்துச் சோதித்தார். சிவப்பு. மேசையைக் கதவோரம் இழுத்துச் சோதித்தார். சிவப்புதான், அத்துடன் ஒரு பெட்ஷீட்டும் அவிழ்ந்து விழுந்தது. டிவியை அணைத்தார். மனைவியின் போனை அணைத்தார். சிவப்புக் கட்டம் இப்போது மஞ்சளாகிப் பல்லைக் காட்டிவிட்டு மறுபடி சிவந்தது.

மணி பத்தே கால்.

“அப்பா, அந்த டேப்லெட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க.”

“இன்னும் மூணு காய் நகர்த்தினா ஜெயிச்சுடுவேன்டா. ஒரு வாரமா நடக்கிற ஆட்டம்.”

“அப்பா, போன தடவை மாதிரி ஆகக் கூடாது.”

“சரி சரி, இதோ முடிச்சுடறேன்,” என்ற அப்பா இன்னொரு குதிரையை நகர்த்தினார்.

ரீஸ்டார்ட்டுக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பதினெட்டு வருட அனுபவம் முழுவதும் ஒரு நொடியில் நெற்றியில் வந்து நின்றது போல இருந்தது அவருக்கு. ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சுவானேன்? பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஒரே தட்டில் எல்லாரும் வெளியே. புதுப் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் உள்ளே.

மாற்றினார். பெட்டியை ரீஸ்டார்ட் செய்தார். சோதனையை ஓட்டினார். கட்டம் பச்சையானது. வெறும் பச்சை இல்லை, கரும்பச்சை. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று சுற்றினார். நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலி அல்ல, அலுவலகத்து நாற்காலி.

“போச்சு, ஆட்டம் போச்சு,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

“மாடிப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“மூணு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணலேன்னா யாரும் குண்டாகிட மாட்டாங்க. நெட்வொர்க் பரீட்சை எழுதறவனுக்கே நெட்வொர்க் சொல்லித் தர்றியா?”

“பாஸ்வேர்டையாவது எழுதி வைங்க. மறந்துடப் போறீங்க.”

“எழுதுறதா? பேப்பர், பேனா எதுவும் கூடாது. எட்டாவது விதி. எல்லாம் இங்க இருக்கு,” என்று தலையைத் தட்டிக் காட்டினார்.

பத்தே முக்காலுக்குக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி வெளியே ஒரு ஸ்டூல் போட்டுக் காவலுக்கு அமர்ந்தாள். யாரும் உள்ளே போகக் கூடாது, யாரும் பேசக் கூடாது, கதவைத் தட்டவே கூடாது என்று ஏற்பாடு.

அடையாள அட்டையைக் கேமராவிடம் காட்டினார். ஏற்றுக்கொண்டது. நாலு சுவரையும் படம் பிடித்து அனுப்பினார். ஏற்றுக்கொண்டது. சரியாகப் பதினோரு மணிக்குத் திரையில் ஒரு வாசகம் வந்தது.

‘கண்காணிப்பாளர் விரைவில் இணைவார். இருக்கையை விட்டு எழ வேண்டாம். நீங்கள் பதிவு செய்யப்படுகிறீர்கள். முப்பது நிமிடத்துக்குள் தேர்வு தொடங்காவிட்டால் அனுமதி ரத்தாகும்.’

ரீஸ்டார்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். முதல் பார்வையிலேயே கண்காணிப்பாளருக்குப் பிடித்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மனசுக்குள் எல்லாப் பாடமும் வரிசை கட்டி நின்றது. இந்தத் தடவை நிச்சயம் என்று தோன்றியது.

பதினொன்று ஐந்து. யாரும் இணையவில்லை.

வெளியே படிகளில் தடதடவென்று காலடி கேட்டது. “அக்கா, நெட்...” என்று மாடிப் பெண்ணின் குரல் ஆரம்பித்தது. “உஷ்,” என்றாள் மனைவி. காலடி திரும்பிப் போனது. ரீஸ்டார்ட் மனைவியை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பதினொன்று பன்னிரண்டு. புருவத்தில் தேங்கிய வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் சைகை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று விட்டுவிட்டார். ஒரு கண் தானாக அடித்துக்கொண்டது. கண்ணடிப்பதாக நினைத்துவிடப் போகிறார்களே என்று இரண்டு கண்ணையும் சேர்த்து அடித்தார்.

பதினொன்று பதினெட்டு. மறுபடி காலடி. மறுபடி “உஷ்.” இந்தத் தடவை அப்பாவும் சேர்ந்து “உஷ்” என்றார்.

அந்தக் கண்காணிப்பாளர் மேல் ரீஸ்டார்ட்டுக்குக் கோபம் வர ஆரம்பித்தது. ஒரு மனுஷன் அலமாரியைத் தள்ளி, சுவரை மூடி, அப்பாவின் ஆட்டத்தைக் கலைத்து, ஒரு நிமிடம் பிசகாமல் வந்து உட்கார்ந்திருக்கிறான். இந்த ஆளுக்கு நேரத்துக்கு வர முடியவில்லை. பொறுப்பே கிடையாதா? வீட்டிலிருந்து வேலை என்றால் இவ்வளவு அலட்சியமா? கோபம் பெருகியது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பதினொன்று இருபத்தைந்து. கன்னம் மரத்துப் போனது. திங்கட்கிழமை எதிர் மேசைக்காரன் புது நாற்காலியில் சுழன்று பார்ப்பது கண்முன் தெரிந்தது. அழுகை வரும் போல இருந்தது. அழக் கூடாது என்று விதியில் இல்லைதான், ஆனாலும் அடக்கிக்கொண்டார்.

பதினொன்று இருபத்தாறு. மறுபடியும் காலடி. இந்தத் தடவை அது கதவுக்கு வெளியிலேயே வந்து நின்றது.

“உஷ்,” என்றாள் மனைவி. “மூச்சுகூட விடாதம்மா. உள்ளே அவர் வாழ்க்கையே தொங்கிட்டிருக்கு.”

“என் வேலையும் தொங்கிட்டிருக்குக்கா,” என்றது மூச்சு வாங்கும் குரல். உள்ளே ரீஸ்டார்ட் கழுத்தைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த லைனைத் தவிர வேற எதுலயும் கம்பெனி என்னை உள்ளே விடாது. புதுப் பாஸ்வேர்டை மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா, இன்னும் நாலே நிமிஷம்தான் இருக்கு. பரீட்சை எழுதறவங்களைக் கேமராவுல கண்காணிக்கிறதுதான் என் வேலை. கம்பெனியில போன் பண்ணிச் சொல்றாங்க, பதினோரு மணிக்கு என் கணக்குல வந்தவரு நாலு சுவத்துலயும் பெட்ஷீட்டைக் கட்டிட்டு, பாவம், சிரிச்ச முகமா அப்படியே உக்காந்திருக்காராம்.”