புது மெஷினைப் பார்க்க வர வேண்டாம், மாமா

வேலம்பாளையம்,
செவ்வாய்க்கிழமை காலை.

என்னையும் ஒரு மனிதனாக மதித்துப் பெண் கொடுத்த கணியூர் மாமா சுப்பண்ணன் அவர்களுக்கு, மாப்பிள்ளை மகுடேஸ்வரன் வணங்கி எழுதுவது. இங்கு கலைமகளும் குழந்தை ஜனனியும் சுகம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான்தான் சுகமாக இல்லை.

வெள்ளிக்கிழமை புது மெஷினுக்குச் சந்தனம் வைக்கத் தாங்கள் வருவதாகக் கலைமகள் சொன்னாள். தயவுசெய்து வர வேண்டாம். மெஷின் இல்லை. தென்னந்தோப்பை விற்று மெஷின் வாங்கத் தாங்கள் கொடுத்த பணத்தை அப்படியே தங்கதுரையின் கம்பெனியில் போட்டுவிட்டேன். தங்கதுரை நம் தையல் யூனிட்டில் தைத்த துணிகளைச் செக்கிங் பார்ப்பவர், சாத்தான்குளத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்றே ஆன்லைனில் கடை போட்டிருக்கிறார். "முதலாளி, ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை, கிறிஸ்மஸுக்கு வசனம் போட்ட சட்டை, எங்க ஆளுவ கடை கடையா ஏறி எறங்குதாவ. நீங்க முதல் போடுங்க, நீங்களே தையுங்க" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. "ஆன்லைன்ல ஒத்த ரூவா போட்டீங்கன்னா எங்கூட்டு வாசப்படி மிதிக்காதீங்க மாப்ள" என்று தாங்கள் சொல்லியிருந்ததால் தங்களிடம் மறைத்தேன். கலைமகளிடமும் மறைத்தேன். அங்கேதான் வினை.

முதல் லாட் ஆயிரம் வெள்ளைச் சட்டை. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் 'பயப்படாதே' என்று அச்சடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூரியர் வண்டி வர வேண்டும். தங்கதுரை சர்ச்சில். நான் நூல் விஷயமாகப் பக்கத்தில் ராயபுரம் வரை போய்த் திரும்பினால், கலைமகள் ஒரு கிண்ணம் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்து, சட்டைக்குச் சட்டை ஓரத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்! "ஏனுங்க, புதுத்துணிய மஞ்சள் வெக்காம வெளிய அனுப்புவாங்களா? ஒண்ணுகூட உடலீங்க" என்றாள். தடுத்தால் யார் சட்டை, எதற்குச் சட்டை என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். "நல்லதாப் போச்சு கண்ணு" என்று சொல்லி நானே பெட்டிக்கு டேப் ஒட்டினேன் மாமா.

மறுவாரமே ஆரம்பித்தது. யாரோ உடுத்திக் கழித்த துணி என்று நாகர்கோவிலிலிருந்து ஒருவர் திருப்பி அனுப்பினார். பாளையங்கோட்டை அம்மா ஒருவர் சோப்புப் போட்டுத் துவைக்க, மஞ்சள் சிவப்பாகி, ரத்தக் கறை என்று படம் எடுத்துப் போட்டுவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் துவைத்துப் பார்த்தார்கள். பழைய துணி விற்கிறோம் என்று ஆன்லைன்காரன் கடையையே மூடிவிட்டான். "முதலாளி, ஒண்ணுல ரெண்டுலயா, அம்புட்டுலயும் மஞ்சளால்லா இருக்கு!" என்று தங்கதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். கிறிஸ்மஸுக்குள் கடை திறக்காவிட்டால் தங்கள் தோப்பு போனது போனதுதான். திரும்பி வந்த சட்டைகள் ஆபீஸ் அறை முழுக்கக் கிடக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் 'பயப்படாதே' என்கிறது.

கலைமகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். என்னைத் திட்டுவதென்றால் தபாலில் திட்டவும். அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் நூறாண்டு இருந்து என்னை மன்னிக்க வேண்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மகுடேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தங்கதுரை வந்தார். பங்குக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு விளக்கம் எழுதிக் கொடுத்தால் ஆன்லைன்காரர்கள் கடையைத் திறப்பார்களாம். பட்டியலைக் காட்டினார். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது கலைமகள், நகையை அடகு வைத்துப் பணம் போட்டிருக்கிறாள். மூன்றாவது தங்களுடையது, மாமா. "ஒருத்தருக்கொருத்தர் சொல்லப்படாதுன்னு மூணு பேருமே சத்தியம் வாங்கிட்டிய, நான் என்ன செய்ய?" என்கிறார். தோப்பு விற்ற மீதிப் பணம் பாங்கில் இருப்பதாக அத்தை நம்பிக்கொண்டிருப்பதையும் சொன்னார். ஆகவே வெள்ளிக்கிழமை அவசியம் வரவும். அத்தையிடம், மெஷினைப் பார்க்கப் போவதாகவே சொல்லிவிட்டு வரவும்.