கிருமியக்காவின் கீரைக் காணி

மானிப்பாயில் வேலிச் சண்டை பிடிக்காத சனம் இல்லை. ஆனால் பிள்ளையாருக்கே கீரை தரமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனுசி எங்கள் ஒழுங்கையில் மட்டும்தான் இருக்கிறா. பெயர் கிருமியக்கா. தாய் தகப்பன் வைத்த பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

அவவின் கணவர் பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி விற்றவர். தொழில் நடந்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த காணியில். மனுசன் போய்ச் சேர்ந்தார். ஈயம் போகவில்லை, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அந்தக் காணியில் ஒருநாள் அக்கா தண்டுக்கீரை போட்டா. பல்கலைக்கழகக் கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெட்டை கலன் ஒன்றில் கலங்கல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அது முழுக்கக் கிருமியாம். மண்ணில் இறுகிக் கிடக்கும் ஈயத்தைக் கிருமி இளக்கிவிடும், கீரை அதை வேரால் இழுத்து இலைக்கு ஏற்றும், வளர்ந்த கீரையைப் பிடுங்கிச் சாக்கில் கட்டிக் கம்பஸுக்கு அனுப்ப வேண்டும். பிறகு திரும்பவும் கீரை போட வேண்டும். இப்படிப் பல வருடம்.

கிருமிக்குத் தீன் வேண்டுமே. அக்கா வாளியும் கையுமாக வீடு வீடாக வந்து அரிசி கழுவிய தண்ணீர் கேட்டா.

"மாட்டுக்கோ அக்கா?" என்று கேட்டேன்.

"மாடெண்டால் ரெண்டுக்குத் தீன் போட்டால் காணும். என்னட்டைக் கோடிக்கணக்கிலை நிக்குது, எல்லாத்துக்கும் பசி."

அன்று விழுந்த பெயர்தான் கிருமியக்கா. அதை அவ ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பக்கத்துக் காணியில் யாராவது பூச்சி மருந்து அடித்தால், "என்ரை ஆக்கள் சாகப்போகினம்" என்று வேலிக்கு மேலால் தலை வரும். ஆடு ஒன்று வேலிக்குள் முகத்தை நீட்டினால் ஆட்டுக்காரனுக்கு ஏச்சு இல்லை. "சாக விருப்பமெண்டால் வேறை காணி பார்" என்று ஆட்டுக்குத்தான் ஏச்சு.

பிரச்சினை கீரையால் வந்தது. சுன்னாகம் சந்தையிலும் அப்படி ஒரு கீரையை நான் கண்டதில்லை. தண்டு ஒவ்வொன்றும் என் கை மொத்தம், இலை வாழையிலைக்குப் போட்டி. எங்கள் ஊரிலோ வளவில் காய்த்ததை வேலிக்கு மேலால் ஒரு பிடி நீட்டாமல் ஒருவரும் தின்பதில்லை. முதல் அறுவடை பிள்ளையார் கோயிலுக்கு. அக்கா ஒருத்தருக்கும் ஓர் இலை நீட்டவில்லை. கடைசியில் கோயில் தலைவரே அக்காவின் படலையடிக்குப் போனார்.

"திருவிழா அன்னதானத்துக்குக் கொஞ்சம் தாவன் தங்கச்சி."

"உது நஞ்சு அண்ணை. தரமாட்டன்."

"நஞ்செண்டால் ஏன் வளக்கிறாய்?"

"நஞ்சை எடுக்கத்தான்."

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். எச்சில் கையால் காகம் துரத்தாதவள் கதை விடுகிறாள் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

திருவிழா அன்று விடியக் காலமை கோயில் சமையல்காரர் வேலியைப் பிரித்துப் பாதிக் காணியை அறுத்துக்கொண்டு போய்விட்டார். கோயிலுக்கு எடுத்தால் களவில்லை என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மத்தியானம் கிடாரம் நிறையக் கீரை கடைந்தாயிற்று. முதல் பந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாணி கட்டி இருந்தார்கள். இலையும் போட்டாயிற்று. அப்போதுதான் கிருமியக்கா மடப்பள்ளிக்குள் புகுந்தா. மூலையில் இருந்த உப்பு மூட்டையைத் தூக்கி அப்படியே கிடாரத்துக்குள் கவிழ்த்தா.

"இனி ஆர் தின்னப்போறியள், தின்னுங்கோ பாப்பம்."

தலைவர் உரு வந்தவர் போலச் சீறினார். "உவளைப் பிடிச்சு வெளியிலை விடுங்கோ. இனி இந்த வாசல் மிதிக்கக் கூடாது."

"மிதிக்கமாட்டன்," என்றா அக்கா. "பழியை என்னிலை போடுங்கோ. வயிறு பிள்ளையளின்ரை. என்ரை பெடியன் உந்த மண்ணை அளைஞ்சு வளந்தவன். பத்து வயசிலும் எழுத்துக் கூட்ட ஏலாமல் கிடந்து அழுதவன். ரத்தத்திலை ஈயமெண்டு டொக்டர் சொல்லேக்கை எல்லாம் பிந்திப் போச்சு. இன்னொரு தாய் அந்தக் கதை கேக்கக் கூடாது. பிள்ளையார் கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்த மகனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். முப்பது வயதிலும், இது சாவகச்சேரி பஸ்ஸா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவான். அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோமே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. தலைவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். அன்று அன்னதானம் சோறும் பருப்பும் மோரும்தான். கீரையை அக்கா ஒரு துளி விடாமல் வழித்துப் பொலித்தீன் பை போட்ட சாக்குகளில் கட்டினா. சாக்கின் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவர் தலைவர்.

காணி இன்னும் சுத்தமாகவில்லை. ஒரு மூலை மட்டும் பரவாயில்லை என்று கம்பஸ் பெட்டை சொன்னாளாம். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். "நஞ்சோடை விக்கமாட்டன்" என்று அனுப்பிவிட்டா.

"முழுக்கச் சரிவர எவ்வளவு காலம் அக்கா?" என்று போன கிழமை கேட்டேன்.

"இன்னும் இருவது வருசமெண்டாலும் செல்லும்."

அக்காவுக்கு அறுபது எப்போதோ தாண்டிவிட்டது. "அவ்வளவு காலம் இருப்பியளோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நான் இல்லாட்டி உதுகளுக்குப் பசிக்காதோ?" என்று வெறும் வாளியை என் கையில் தந்துவிட்டுப் போனா.

வாளி இப்போது எங்கள் குசினியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீரை இனி ஒருவரும் கொட்டுவதில்லை.