பட்டினி கிடந்த காரும் கிலோ அண்ணனும்

காரைப் பட்டினி போட்டு வளர்த்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கூடலூர் கிலோ அண்ணன்தான். மற்றவர்கள் கார் வாங்கினால் சீட் கவர் போடுவார்கள், பாட்டுப் பெட்டி வைப்பார்கள், பின் கண்ணாடியில் குலசாமி பெயரை எழுதுவார்கள். இவர் வாங்கிய மறுநாளே கழற்ற ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கார் இருந்த இடத்தில் நாலு சக்கரமும் ஒரு பிடிவாதமும்தான் நின்றன.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாக, மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். உள்ளே இடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர், பின்னால் தொற்றிக்கொண்டு மூன்று பேர், கூரையில் மூட்டை. அத்தனை பேரும் அவரிடம் தினமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பைய போங்கண்ணே.”

“ஏலே, இருவது வருசத்துல ஒரு நாளாச்சும் ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சிருக்கனா?” என்று என்னிடம் புலம்புவார். “ஒரே ஒரு தடவ, ஆளு இல்லாம, மூட்ட இல்லாம, அந்த ரோட்ட ஏறிப் பாத்துரணும்டா. அப்பறம் கட்ட வெந்தாலும் சரி.”

கட்டை வேகும் முன்பே வாய்ப்பு வந்தது. வெளியூர்க் கார்ப் பிரியர்கள் சிலர் அதே எஸ்டேட் ரோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடைத்து, அமெச்சூர் ரேலி நடத்த அனுமதி வாங்கிவிட்டார்கள். கார்கள் அடிவாரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி உச்சிக்கு ஏற வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஏறியவர்கள் பெயர் பட்டியலில் வரும். அண்ணனுக்குக் கோப்பை கீப்பையெல்லாம் வேண்டாம். பட்டியலில் பெயர் வந்தால் போதும்.

பழைய சின்னக் கார் ஒன்றைப் பிடித்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லிவைக்க, அன்று பிடித்தது பைத்தியம். அவர் மனைவி செல்வி அக்கா வாசலிலேயே திராட்சைக் கடை வைத்திருந்தார். பெட்டி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு அங்கே உண்டு. திராட்சை வாங்க வந்தவர்கள் பையோடு காத்துக்கிடக்க, தராசில் கார் சீட் உட்கார்ந்திருக்கும்.

“பின் சீட்டு பதினாறு கிலோ! இத்தன நாளு எவன் அப்பன் வீட்டு பாரத்தச் சுமந்துருக்கு பாத்தியா?”

“தராச விடுங்க. யாவாரத்துக்கு ஆளு நிக்கிறாக,” என்பார் அக்கா.

பின் சீட் போனது. மேல்கூரைத் துணி, தரைவிரிப்பு, கதவின் உள் அட்டை, பின் வைப்பர் எல்லாம் வரிசையாகப் போயின. கண்ணாடி இறக்கும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, மழை வந்ததும் அதைத் தேடித் தெரு முழுக்க ஓடினார். இந்தக் கூத்தில்தான் அவருக்குக் ‘கிலோ’ என்ற பெயர் நிலைத்தது.

கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்ட வேண்டும் என்பது போட்டி விதி. உத்தமபாளையத்தில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறைக்கார பாயிடம் அளவு கொடுத்தார். வேலை சுத்தம். ஆனால் கூண்டின் பக்கத்துக்கு ஓர் அன்னப்பறவை, நடுவில் ஒரு தாமரை.

“என்ன பாய் இது?”

“வெறும் பைப்பா மொட்டையா இருந்துச்சுண்ணே. பாக்குறவக நம்ம வேலைய மெச்ச வேணாமா?”

அண்ணன் அன்னங்களை அறுத்தெடுத்து நிறுத்தார். ஒன்று எழுநூறு கிராம். இன்றைக்கும் அவை திராட்சைக் கடை வாசலில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டில் எழுதிய வளைவுகளை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தெரிந்தவர்களையெல்லாம் தராசில் ஏற்றினார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் நான் ஐம்பத்தொரு கிலோ. தேடி வந்த மணப்பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார் என்று சொன்னால் மிகை, ஆனாலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

“நீதான்டா ஆளு. அந்த மூக்குக் கண்ணாடி எத்தன கிராமு?”

“அது இல்லாட்டி நோட்டே தெரியாதுண்ணே.”

“சரி, இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் பெரிய மனசோடு.

நோட்டுப் புத்தகம் என்றால் அதுவல்லவா நோட்டு! மற்ற போட்டிக்காரர்கள் ‘இடது மூன்று, வலது இரண்டு’ என்று எண்ணில் எழுதியிருந்தார்கள். எங்களுடையதில் ‘டீக்கடை வளைவு’, ‘சேட்டன் சண்டை போட்ட வளைவு’, ‘குருசடி வளைவு’ என்று போகும். ஜீப்பில் வருகிறவர்கள் தவறாமல் வாந்தி எடுக்கும் இடத்துக்கு ‘வாந்தி வளைவு’.

போட்டி நாள் வந்தது. எங்கள் முறை ஐந்தாவது. கொடி அசைந்ததும் அண்ணன் மிதித்தார் பாருங்கள், என் குடல் அடிவாரத்திலேயே தங்கிவிட்டது. “நூறு மீட்டர்ல வாந்தி வளைவு! வலது! நல்லா ஒடி!” என்று நான் கத்த, கார் அதை அறுத்துக்கொண்டு ஏறியது. ஹெல்மெட்டுக்குள் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஐம்பது தாண்டிய மனிதர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம், பாதி பயம்.

நாலு வளைவு அப்படிப் போனோம். ஐந்தாவது, சிலுவை நிற்கும் குருசடி வளைவு. திரும்பினால் ரோட்டோரத்தில் ஒரு பெண். தலையில் பெரிய அண்டா, காலடியில் வாழைத்தார், நீட்டிய ஒரு கை.

இருபது வருஷப் பழக்கத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? அண்ணன் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. கார் தேய்த்துக்கொண்டே போய், சரியாக அந்தப் பெண்ணின் செருப்புக்கு முன்னால் நின்றது.

“அண்ணே, இது ரேஸுண்ணே!” என்று அலறினேன்.

“தெரியும்டா. கை காட்டுறாகள்ல?”

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் பேச்சி அது. சந்தைக்கு இறங்கினால் இவர் ஜீப்பில்தான் திரும்புவார். ரோட்டை அடைத்ததால் ஜீப் ஓடவில்லை. குறுக்குப் பாதையில் ஏறி இதுவரை வந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை.

“கிலோண்ணே, நீங்களா! முன்னால நாலு காரு போச்சு, ஒருத்தராச்சும் நிப்பாட்டணுமே! என்ன மனுசங்களோ! பத்து மணிக்கு எம் மகளப் பொண்ணு பாக்க வாராகண்ணே.”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். அரை நிமிஷம்தான், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

“ஏறு ஆத்தா. அங்கன தரையிலதான் உக்காரணும். பைப்பக் கெட்டியாப் பிடிச்சுக்க.”

பேச்சி ஏறினார், அண்டா ஏறியது, வாழைத்தாரும் ஏறியது. மூன்று மாதமாகக் கிராம் கிராமாக இறக்கிய பாரமெல்லாம் ஒரே நிமிஷத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. அண்ணன் மறுபடி ஆக்சிலேட்டரில் கால் வைத்ததும், பின்னாலிருந்து இருபது வருஷமாகக் கேட்ட அதே குரல்.

“பைய போங்கண்ணே. இரவல் அண்டா, நசுங்கிரும்.”

பைய போனார். அண்டா வளைவுக்கு வளைவு கூண்டில் மோதி மணி அடித்தது. கொடி பிடித்தவர்கள் விசில் ஊதி ஓய்ந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, நோட்டை வாழைத்தார் மேல் எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

உச்சியில் நேரம் குறிக்கும் அதிகாரி உள்ளே குனிந்து பார்த்தார். “மூணாவதா இருக்கிறது யார்?”

“நான் இந்த எஸ்டேட்டு. நீங்க யாரு?” என்றார் பேச்சி.

பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை. மூன்றாவது ஆளுக்காக ஒரு தடவையும், நேரம் தப்பியதற்காக இன்னொரு தடவையும் எங்களைத் தள்ளுபடி செய்தார்கள். நாங்கள் அண்டாவை லைன் வீட்டில் இறக்கி, கேசரி சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்து, “எல்லாம் நல்லாருக்கு, பின்னால சீட்டு எங்கன?” என்று கேட்டார். பேச்சி சளைக்காமல், “கழுவிக் காயப் போட்டுருக்காக,” என்றார். சம்பந்தம் முடிந்துவிட்டது.

இறங்கி வரும்போது, “வருத்தமா இல்லையாண்ணே?” என்று கேட்டேன்.

கியரை இறக்கினார். “இருக்குடா. இல்லாம இருக்குமா?” என்றார். அப்புறம், “நாலு வளைவு மிதிச்சேன்ல,” என்றார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அடுத்த போட்டிக்குத் தயாராகிறார். காருக்குள் பின் சீட்டைத் திரும்பவும் பூட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பதினாறு கிலோ!”

“இருக்கட்டும்டா. யாராச்சும் கை காட்டுனா, இன்னொருக்கா தரையிலயா உக்கார வைக்க?”

பதினாறு கிலோ என்றால் சும்மாவா? எங்கிருந்தாவது குறைத்துத்தானே ஆக வேண்டும். ஒரு வாரமாக நான் இரவில் இரண்டே இட்லியோடு எழுந்துவிடுகிறேன்.